கட்டுரைக்கு வந்த சாட்சி

ஆங்கிலக் கட்டுரையில் எதைச் சொன்னாலும் ஆதாரம் காட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே கிரேசி டீச்சருக்குத் தொண்டை வற்றிவிட்டது. பதினோராம் வகுப்பில் பாதிப்பேர் கூகுளை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். பெண்களை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று வாதாடிய முத்துச்செல்வியோ, பத்திக்குப் பத்தி ‘சொன்னது என் அம்மா’ என்று எழுதியிருந்தாள்.

“அம்மால்லாம் ஆதாரமாடி? யாராவது இல்லன்னு சொன்னா யாரக் கொண்டாந்து நிறுத்துவ?” என்று டீச்சர் எரிந்து விழுந்தார்.

மறுநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே முத்துச்செல்வியின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

“சொன்னது நெசந்தான் டீச்சர்,” என்று அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். “ஆனா அதுல அம்மாங்கறத மட்டும் அடிச்சிருங்க. அவ அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்.”