பின்னாலிருந்து தாக்குபவன்

"கராத்தே பள்ளி திறந்து ரெண்டு மாசமாச்சு. ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை!" என்று புலம்பினாள் லோர்னா.

விளம்பரத்துக்குக் காசில்லாத அவள் கணவன் டெரில், வாசலில் ஓர் அட்டையை மாட்டினான்: 'இந்தத் தெருவில் ஒரே வாரத்தில் ஒன்பது பேர் மண்டையில் ரத்தம். பின்னாலிருந்துதான் தாக்குவான். ஜாக்கிரதை!'

மறுநாளே இருபது பேர் சேர்ந்தார்கள். தலையில் கட்டோடு, ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஊர்ப் போலீஸ்காரர் கிரெக்கும் வந்து நின்றார்.

"எனக்கும் சட்டுனு குனியறதுக்குக் கத்துக்கொடுப்பா."

"நீங்களே அவனைப் பிடிச்சு உள்ளே போடலாமே?" என்றாள் லோர்னா.

கிரெக் வாசல் யூகலிப்டஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அவன் அந்தக் கறுப்பு வெள்ளை மேக்பை பறவைதான். அதைத் தொட்டா சட்டம் என்னைத்தாம்மா உள்ளே போடும். கூட்டுல குஞ்சு இருக்கிற வரைக்கும் கொத்தத்தான் செய்யும்."

டெரில் மனைவியின் காதைக் கடித்தான். "காக்கா வரலைன்னியே, இதோ அதோட பங்காளி!"