எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க

ஒருவர் சொல்லும் வாக்கியம் சரியாக இருந்தால் வகுப்பே சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரின் வழக்கம் அது. முன்பு நடந்ததை ஊகித்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார் மாஸ்டர். சந்தனமாரி எழுந்து வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "ஐ மஸ்ட் ஹேவ் டர்ன்ட் ஆஃப் தி ஸ்டவ்." அடுப்பை அணைத்திருப்பேன். சொன்ன பிறகுதான் பாலை அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்தது. அணைத்தது ஞாபகம் வரவில்லை. "வெரி குட்! எல்லாரும் சொல்லுங்க" என்றார் மாஸ்டர். அத்தனை பேரும் துளிச் சந்தேகமில்லாமல் அவளுக்காகக் கத்தினார்கள். அவள் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ரெஜினாவுக்குப் போன் போட்டாள். காலில் மாவுக்கட்டோடு கிடக்கும் கணவன் கதவு திறக்கவென்று எழுந்து சிரமப்பட வேண்டாமென, வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தாள். ரெஜினா போய்ப் பார்த்தாள். "அக்கா, உள்ளே அண்ணன் இருமிக்கிட்டே இருக்காரு. பூட்டு தொங்குது, சாவி எங்கக்கா?" சாவி சந்தனமாரியின் கையில் இருந்தது. வகுப்பறைக்குள் மாஸ்டர், "இன்னும் சத்தமா" என்றார்.