ஆமென் சொல்வதற்குள்

"ஜெபத்துல பாதியில எழுந்து போற அதிசயம் இந்த வீட்டுல மட்டும்தான் நடக்கும்" என்றார் பெரியவர், ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள்.

மருமகள் சமையலறையிலிருந்து டீயோடு வந்தாள்.

"பால் பொங்கிடும்னு போனேன் மாமா."

"இன்னிக்குப் பால். நேத்து குக்கர். முந்தாநாள் மோட்டார். ஆண்டவரே வந்து கூப்பிட்டாலும், 'இருங்க, அடுப்புல வேலையிருக்கு'ன்னுதான் சொல்லுவ போலிருக்கு."

அவள் டம்ளரை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போடுகிறவள். காலையிலேயே பாதம் வீங்கியிருந்தது.

"விடுங்கப்பா" என்றான் மகன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"நீ பேசாதே. முழங்கால்ல நின்னுக்கிட்டே தூங்குறவன் நீ. ஆமென்னு சொன்னதும் மட்டும் எப்படித்தான் முழிப்பு வருதோ!"

பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர். எவ்வளவோ பாரத்தை ஏற்றி இறக்கியவருக்கு, மனசில் ஏற்றியதை மட்டும் இறக்கத் தெரியாது. கல்யாணத்தன்று மருமகளின் அப்பா எழுந்து நிற்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இவர் கையைக் குலுக்கினார். அந்த அப்பன்மேல் வந்த கோபம், அப்படியே பெண்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"கடைசியாச் சொல்றேன். நாளைக்கும் இவ பாதியில எழுந்தா, நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிடுவேன்."

"அங்க அஞ்சு பேருக்கு ஒரே ரூம்தானேப்பா?"

"இருக்கட்டும். ஜெபத்துக்கு மரியாதை இருக்கில்ல?"

மகன் அலுப்போடு செருப்பை மாட்டினான். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி கேட்டது.

மறுநாள் வெளுக்கும் முன்பே பெரியவருக்கு விழிப்பு வந்தது. இடுப்புக்குக் கீழே சில்லென்றிருந்தது. இன்றைக்கும் படுக்கையை நனைத்தாயிற்று.

கொஞ்ச காலமாக இந்தச் சங்கடம். அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். சத்தமில்லாமல் எழுந்து, கைலியை அலசிப் போட்டார். ஈர விரிப்பின்மேல் போர்வையை இழுத்து மூடினார். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். ஜெபம் முடிந்து வந்து பார்த்தால் காய்ந்திருக்கும். இதுவரை ஒருநாள்கூடத் தப்பியதில்லை.

மகள் வீட்டுக்குப் போனால் பேரப்பிள்ளைகள் நடுவேதான் பாய். நினைக்கும்போதே உடம்பு கூசியது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். வாய்விட்டுச் சொன்ன பிறகு எப்படிப் பின்வாங்குவது?

கூடத்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகனும் மருமகளும் முழங்காலில் நின்றார்கள். மகன் வழக்கம்போலத் தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்துக்கொண்டான்.

பெரியவர் ஆரம்பித்தார். மகளுக்காக, மாப்பிள்ளைக்காக, பேரப்பிள்ளைகளுக்காக, சபைக்காக, பாஸ்டருக்காக வரிசையாக ஸ்தோத்திரம் சொன்னார். மருமகள் அந்த வரிசையில் என்றைக்குமே கிடையாது.

"என் வெட்கத்தை மூடி மறைக்கிற ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்..."

துணி சரசரத்தது. எழுந்துவிட்டாள்! கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான். பெரியவர் ஒரு கண்ணை லேசாகத் திறந்தார்.

அடுப்பு எரியவில்லை. அவள் சமையலறைப் பக்கமே போகவில்லை.

அவருடைய அறைக்குள் போனாள்.

கதவிடுக்கில் தெரிந்தது. போர்வையை விலக்கி, ஈர விரிப்பைச் சுருட்டி எடுத்தாள். மெத்தையைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். போகிற வழியில் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்ட இன்னொரு விரிப்பை உதறி விரித்தாள். அதே நீலக் கோடு போட்ட விரிப்பு. வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் ஜெபத்தைப் பாதியில் விட்டார்.

ஜெபம் நின்றதும் மகன் அசைந்தான். இப்போது ஆமென் வந்தால் அவன் கண்ணைத் திறப்பான். கூடத்தைத் தாண்டித்தான் அவள் அந்த மூட்டையோடு குளியலறைக்குப் போக வேண்டும்.

"ஆண்டவரே..." என்று மறுபடி பிடித்தார். யாரைச் சொல்வது? வேண்டியவர்கள் எல்லாரையும் சொல்லி முடித்தாயிற்று.

"எனக்கு வர வேண்டிய பதவியத் தட்டிப் பறிச்சானே அந்த மேஸ்திரி... அவனுக்கும் நல்ல சுகத்தைக் கொடும்."

காலடிச் சத்தம் மெதுவாகக் கூடத்தைத் தாண்டியது.

"மதில் சுவருக்காக என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தவன்... அவன் பிள்ளைகளையும் ஆசீர்வதியும்."

குளியலறையில் குழாய் திறந்தது.

"பேச்சுவார்த்தையே இல்லாம இருக்கிற என் தம்பி..." கனைத்துக்கொண்டார். "அவனையும் நினைச்சருளும்."

குழாய் நின்றது. அவள் வந்து முழங்காலிடும்போது மூட்டு நெட்டி முறிவது கேட்டது.

"ஆமென்."

மகன் கண்ணைக் கசக்கினான். "என்னப்பா இது, ஊரையே ஆசீர்வதிச்சுட்டீங்க? என் பஸ் போயிருக்கும்."

மருமகள் ஈரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மாமா... இன்னிக்கும் பாதியில எழுந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க."

பரண்மேல் இருக்கும் பெட்டி எப்போது கீழே இறங்குமோ என்று மகன் அப்பாவையே பார்த்தான்.

"எழுந்தியா?" பெரியவர் குனிந்து செருப்பைத் தேடினார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான்தான் கண்ணை மூடியிருந்தேனே!"