நம்பத்தகாத முகவரி

"அடுத்து ஒரு சின்னக் கோடு சார். கீழ வர்றது இல்ல, நடுவுல வர்ற கோடு" என்றாள் அவள்.

மருத்துவமனை நிர்வாகி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை தப்பாகிவிட்டது. இணைய முகவரி அவ்வளவு நீளம். தூரத்துச் சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவது போல, இன்னாருக்கு இன்னார், அவருக்கு இன்னார் என்று புள்ளி மேல் புள்ளி வைத்துப் போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்தில் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பத்து நிமிடத்தை நிர்வாகியிடம் வாங்க அவர் இரண்டு மாதம் நடையாய் நடந்திருந்தார்.

எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்பது நோயாளிக்கு வீட்டிலேயே தெரிந்துவிட வேண்டும். அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து உருவாக்கிய மென்பொருள் செய்வது அவ்வளவுதான்.

நர்ஸ் தன் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் மூன்று வாரம் அதை ஓட்டிப் பார்த்தார். விடிவதற்குள் வந்து வராந்தாவில் சுருண்டு கிடந்த நோயாளிகள் வீட்டிலேயே அதைப் பார்த்துவிட்டு, தங்கள் நேரத்துக்கு வந்து, தங்கள் நேரத்துக்குப் போனார்கள். ஒரு லாரி டிரைவர் மட்டும் நம்பாமல் முதல் வாரம் முழுக்கச் சீக்கிரமே வந்து பார்த்தார். அப்புறம் அவரும் வீட்டில் தூங்க ஆரம்பித்தார்.

முதல் போட யாரும் வரவில்லை. அண்ணன் பைக்கை விற்றான். அவள் வேலையை விட்டபோது கைக்கு வந்ததைப் போட்டாள். அவர்கள் ஆசைப்பட்ட இணையப் பெயரை எவனோ முன்பே வாங்கிப் பதுக்கி வைத்துக்கொண்டு யானை விலை சொன்னான்.

அதனால் இணையத்தில் இலவசமாக இடம் தரும் ஒரு நிறுவனத்தின் முகவரிக்கு முன்னால் தங்கள் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் நம் பெயர்ப்பலகையை மாட்டுகிற மாதிரிதான். பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னான். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சரி என்றாள்.

நிர்வாகி கடைசி எழுத்தைத் தட்டினார்.

திரை சிவந்தது.

மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரி: 'இந்த முகவரி நம்பத்தகாதது. உங்கள் நன்மைக்காக இதை நிறுத்தியிருக்கிறோம்.'

அவள் அவசர அவசரமாகத் தன் போனை எடுத்தாள். கீழ்த்தளத்து அறை; சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மருத்துவமனை வைஃபையில் நுழைந்து பார்த்தாள். அதே சிவப்பு, போன் அளவுக்குச் சுருங்கி வந்து நின்றது.

வாசல்வரை வந்தால் சிக்னல் கிடைக்கும், என் போனிலேயே காட்டிவிடுகிறேன் என்றாள். கெஞ்சுவது போலத் தன் குரல் இறங்கியது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

நிர்வாகி கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நிதானமாகவே கேட்டார்.

"எங்க கம்ப்யூட்டரே நம்பாத ஒண்ணை நான் எப்படிம்மா நோயாளிங்க கையில குடுப்பேன்? நாளைக்கு அவங்க பேங்க் விவரம் எவன்கிட்டயாவது போய் மாட்டிக்கிச்சுன்னா?"

வங்கி விவரம் எதையும் அது கேட்பதே இல்லை என்றாள். பெயரும் நேரமும் மட்டும்தான் என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் கண் சிவப்புத் திரையை விட்டு நகரவில்லை.

எழுந்தவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், உங்க போன்லயும் இன்னையோட இதை நிறுத்திடுங்க."

பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் மீதி இருந்தது. அதை யாருக்கும் கொடுக்காமல் நிர்வாகி போய்விட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா, ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவருடைய நாற்காலி எப்போது காலியாகும் என்பது அவள் போனில் இருந்தது. நாளையிலிருந்து இருக்காது.

நர்ஸ் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு பூட்டைப் போட்டானோ! நல்லது எது கெட்டது எதுன்னு பாக்காம, மொத்தமா இழுத்து மூடியிருக்கான் பாரு. அவனை ஒரே ஒரு நாள், இந்த பெஞ்சுல உக்கார வைக்கணும்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரையில் வந்த அந்த இரண்டு வரியும் அவளுக்கு மனப்பாடம். 'நன்மைக்காக' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்று மேலாளரிடம் அரைமணி நேரம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்பு, மோசடி இணையதளங்களைத் தடுக்கும் மென்பொருள் செய்த பழைய வேலையில். இலவச முகவரி என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மூடிவிடு என்ற விதியையும் அன்றைக்கு அவள்தான் எழுதினாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பத்தே நிமிடத்தில்.

மேலாளர் மட்டும் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எல்லாத்தையுமா? அதுல நல்லவங்களும் இருப்பாங்களேம்மா."

"நல்லவங்க காசு குடுத்துப் பேர் வாங்கிக்குவாங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவள் சாப்பிடப் போயிருந்தாள்.