கட்டத்துக்குள் அடங்காத பெயர்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஜிதினின் டி.டி.பி. கடை. தங்கையாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பிள்ளைகளின் பெயர்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசியில் இருந்த 'ரஜிதா' மறைந்துபோயிருந்தது.

"எழுத்தைச் சின்னதாக்கட்டுமா சேச்சி?" என்றான் ஜிதின், போஸ்டர் அடிக்க வந்திருந்த பெண்ணிடம்.

"வேண்டாம் தம்பி. அம்மாவுக்குக் கண் மங்கல். ரஜிதா பேரை அவங்க வாசிக்கணும்."

அவள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள், "சரிண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஜிதின் வரி இடைவெளியைக் குறைத்தான். "எல்லாப் பேரும் வந்தாச்சு சேச்சி! பிரிண்ட் போடட்டுமா?"

"ரஜிதா பேரை எடுத்துடு."

"மகளாச்சே! சண்டைக்கு வரமாட்டாங்களா?"

"நான்தான் ரஜிதா. வீட்டை எதிர்த்துக் கட்டிக்கிட்டவ. போஸ்டர்ல என் பேர் இல்லாட்டிதான் அப்பா முகத்தைப் பார்க்க விடுவானாம் அண்ணன்."