வெர்னா சொன்ன வெள்ளம்

"இந்தாம்மா, அந்த வீட்டை வாங்கி ஏமாந்துடாதே. மழை பெஞ்சா பேஸ்மென்ட்ல முழங்கால் அளவுக்குத் தண்ணி."

ரோண்டா இன்னும் காரை விட்டு முழுதாக இறங்கக்கூட இல்லை. பக்கத்து வீட்டு கராஜ் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள்தான் அப்படிச் சொன்னாள். அவள் பெயர் வெர்னா கெஸ்லர் என்று புரோக்கர் பெண் பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள்.

அன்று ஞாயிறு. வாங்க நினைப்பவர்கள் வந்து பார்க்கட்டும் என்று வீட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகருக்கு மேற்கே, மேப்பிள் மரங்கள் நிழல் விரித்த தெரு. வீட்டுக்காரர் லுண்ட்கிரென், மனைவி இறந்த பிறகு தனியாக இருக்க முடியாமல் மகளிடம் போய்விட்டார்.

வருகிற ஒவ்வொரு காரையும் வெர்னா மறித்தாள். ஒவ்வொருவருக்கும் அதே வெள்ளம். காதில் போனோடு, வீட்டுக்குள் போகாமலே வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவன் அதைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிப் போனான்.

"அக்கா, அந்தம்மா வாயிலேருந்து வர்ற தண்ணிக்கே தனியா ஒரு மோட்டார் வைக்கணும்" என்றான் கூட வந்திருந்த தம்பி டேல்.

ரோண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிறந்து வளர்ந்தது, வாடகை நிலத்தில் நிறுத்திய டிரெய்லர் வண்டி வீட்டில். நிலத்து வாடகை ஏறும்போதெல்லாம் அம்மா மூட்டை கட்டுவாள். இப்போது அவளே சேர்த்து வைத்து வீடு தேடுகிறாள். ஆனால் அவள் ஆசைப்பட்ட வீட்டையெல்லாம் ஏதாவது ஒரு கம்பெனி ரொக்கமாகக் கொடுத்து வாங்கி, மறுமாதமே வாடகைக்கு என்று பலகை மாட்டிவிடும். இதுவும் போனால் இந்தப் பக்கம் வீடு தேடும் தெம்பு அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மென்டுக்கு இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை. ஆனால் வெயில் காயும் ஆகஸ்ட் மாதத்துச் சுவரை யார் நம்புவது?

போகும்போது அவளே வெர்னாவிடம் போய் நின்றாள்.

"தண்ணி வந்தா வரட்டும். அள்ளிக் கொட்டிக்கறேன். இந்த வீட்டுலதான் இருக்கப்போறேன்."

வெர்னா ரோண்டாவின் பழைய காரை ஒரு பார்வை பார்த்தாள். அவளையும் மேலும் கீழும் பார்த்தாள். அடுத்த கார் வரவும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரோண்டாவுக்கு அந்தப் பார்வை புதிதல்ல. டிரெய்லரில் வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு யாரும் போட்டிக்கு வராததால் வீடு அவளுக்கே அமைந்தது. சாவி கைக்கு வந்த அன்று அவள் செய்த முதல் வேலை, யாரையும் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடித்ததுதான். அதில் மாட்டப் படம்கூட இல்லை. ஆணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் மற்றவர்கள் கேக்கும், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குமாக வந்து வரவேற்றுப் போனார்கள். வெர்னா வரவில்லை. பனிக்காலத்தில் ரோண்டா பஸ்ஸை எடுக்கப் போகுமுன் தன் வாசல் நடைபாதையில் விழுந்த பனியைச் சுத்தமாக வழித்துவிடுவாள். 'டிரெய்லர்காரி' என்று ஒரு சொல் யார் வாயிலும் வந்துவிடக் கூடாது. எதிரே பார்த்தால் வெர்னா தலையை மட்டும் அசைப்பாள். ரோண்டா அதைப் பார்க்காதவள்போலப் போய்விடுவாள்.

ஏப்ரலில் பனி உருகும்போதே பெருமழையும் சேர்ந்துகொண்டது. தெரு முழுக்க பேஸ்மென்ட் மோட்டார்கள் உள்ளே ஊறிய தண்ணீரை வெளியே துப்பின. ரோண்டா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, வாளியோடு பேஸ்மென்ட் படிக்கட்டில் காத்திருந்தாள்.

ஒரு சொட்டு வரவில்லை. தரை அடுப்படி போலக் காய்ந்து கிடந்தது.

முதலில் பெருமை பொங்கியது. என் வீடு, என் சுவர். அதன் பின்னாலேயே கோபம் வந்தது. அப்படியானால் அந்தப் பொம்பளை சொன்னது பச்சைப் பொய்.

வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் மழையில் நடந்தாள். வெர்னாவின் கதவு திறந்தே கிடந்தது. கீழே பேஸ்மென்டில், மோட்டார் புகைந்து நின்றுபோயிருக்க, வெர்னா முழங்கால் தண்ணீரில் நின்று சூப் பாத்திரத்தால் மொண்டுகொண்டிருந்தாள்.

குளிர்காலம் முழுக்க ரோண்டா சேர்த்து வைத்திருந்த சொற்களை அப்போதைக்குத் தள்ளி வைத்தாள். படியிறங்கினாள். அவளும் மொண்டாள். கடைசியில் அவளால் அடக்க முடியவில்லை.

"என் வீட்டுல ஒரு சொட்டு இல்ல. தெரிஞ்சேதானே சொன்னீங்க? எங்களை மாதிரி டிரெய்லர்காரங்க இங்க வந்துடக் கூடாதுன்னுதானே?"

"உன்கிட்ட மட்டுமா சொன்னேன்? வந்த அத்தனை பேர்கிட்டயும்தான். தண்ணி வந்தாலும் இருப்பேன்னு நீ ஒருத்திதான் சொன்னே. அன்னிக்குச் சாயங்காலமே போன் போட்டு, ஆள் கிடைச்சாச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம், பொய் சொன்ன வாயோட உன் வாசப்படி ஏறக் கூச்சமா இருந்தது."

ரோண்டா வாளியை நிறுத்தினாள். "யாருக்குப் போன் போட்டீங்க?"

வெர்னா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"லுண்ட்கிரெனுக்குத்தாம்மா. 'வாடகைக்கு விடுற கூட்டம் பெரிய தொகையை நீட்டினா என் மனசு கெட்டுப்போயிடும் வெர்னா, என் கண்ணுல படாம வாசலோட விரட்டிடு'ன்னு, ஊரை விட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சுக் கேட்டதே அந்த மனுஷன்தானே."