இன்னொரு சம்பளம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன்.

ஒரு தையல்காரர். அவருடைய ஒற்றைச் சம்பளத்தில் வீட்டு வாடகையே இழுபறி. மனைவிக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்துத் தன் கம்பெனிக்கே கூட்டிப்போனார்.

“என்னை மாதிரியே தைப்பா, சார். பொம்பளைதானே, பாதிச் சம்பளம் போதும்.”

அவள் தைத்த சட்டையை மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாளைக்கே வந்துடும்மா.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. “இனிமே நானும் சம்பாதிக்கிறேன். என்னை அதட்டக் கூடாது.”

“அங்க நான் சீனியர்டி.”

மறுநாள் மேனேஜர் காட்டிய மெஷினைப் பார்த்துத் தயங்கினாள். “இது இவரோடதாச்சே, சார்?”

“இனிமே உன்னோடது. அதே தையல், பாதிச் சம்பளம். அப்புறம் அவர் எதுக்கு?”

அவள் கணவரைப் பார்த்தாள்.

“உக்காருடி,” என்றார் அவர் மெதுவாக. “இந்தச் சம்பளமாவது வரட்டும்.”

உங்கள் வீட்டில் உழைக்கிற எல்லோருக்கும் முழுக்கூலி கிடைக்கட்டும், கண்ணுகளா.